பிள்ளை உள்ள வீடும் வரிக் கணக்கும்



வரி என்ற சொல்லைக் கேட்டவுடன் உங்களுள் பலருக்குச் சோர்வு தோன்றும். அது பெரியவர்களின் தொல்லை. நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று எண்ணுவீர்கள். ஆனால், நான் இன்று சொல்ல வந்தது உங்களைப் பற்றியதே. ஒரு வீட்டில் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதை அரசின் வரிக் கணக்கு அறிகிறதா? அறிந்தால், அந்த வீட்டுக்கு என்ன சலுகை தருகிறது? அச்சலுகை தானே வீடு தேடி வருமா, கேட்டுத்தான் பெற வேண்டுமா? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண முயல்வோம்.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கல்வராயன் மலையின் அடிவாரத்தை ஒட்டிய ஓர் அரசுப் பள்ளியில் தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆண்டுதோறும் பிப்ரவரித் திங்கள் வந்தால் எங்கள் ஆசிரியர் அறையில் பாடப் பேச்சு குறைந்து, வரிப் பேச்சு மிகும். ஒவ்வோர் ஆசிரியரும் அவ்வாண்டு பெற்ற ஊதியத்தையும், சேமித்த தொகையையும், செலுத்த வேண்டிய வருமான வரியையும் ஒரு தாளில் கணக்கிட்டுத் தருவார். ஊதியம் பெற்று வழங்கும் அலுவலர் என்ற முறையில் நான் அத்தாள்களில் கையொப்பம் இடுவேன்.

ஓர் ஆண்டு இரண்டு தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக என் மேசைமேல் கிடந்தன. இரண்டிலும் ஊதியம் ஏறத்தாழ ஒன்றே. ஒருவர் தனி ஆள். மற்றவர்க்கு மனைவியும், முதிய தாயும், படிக்கும் பிள்ளைகள் இருவரும் உண்டு. முன்னவர் திங்கள் முடிவில் எஞ்சும் பணத்தை எங்கே சேமிக்கலாம் என்று எண்ணுவார். பின்னவர் திங்கள் இருபதாம் நாளிலேயே யாரிடம் கைமாற்று வாங்கலாம் என்று எண்ணுவார். இவ்விருவரும் ஒரே அளவு வரி செலுத்துவது முறையாகுமா? வகுப்பில் இவ்வினாவைக் கேட்டுப் பாருங்கள். விடை சொல்லத் தயங்கும் மாணவர் ஒருவரும் இருக்க மாட்டார்.

பொருளியல் நூலோர் இதனைச் செலுத்தும் திறன் என்பர். ஆடம் ஸ்மித் 1776ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், குடிமக்கள் தத்தம் திறனுக்கு ஏற்ற அளவில் அரசுக்குப் பொருள் தர வேண்டும் என்பதை வரி விதிப்பின் முதல் நெறியாக வைத்தார். திறன் என்பது வருவாய் மட்டும் அன்று. வருவாயை எத்தனை வாய்கள் பங்கிட்டுக் கொள்கின்றன என்பதும் அதில் அடங்கும். இந்த எளிய உண்மையிலிருந்தே பிள்ளைகளுக்கான வரிச் சலுகை பிறந்தது.

இச்சலுகையைத் தருவதற்கு மூன்று வழிகள் உண்டு. மூன்றையும் ஒன்றாகக் கருதிக் குழம்புவோர் பலர். ஆதலால், சிறு கணக்கு ஒன்றால் விளக்குகிறேன்.

முதல் வழி, வருமானத்தில் கழிவு. பிள்ளைக்காக 10,000 ரூபாயை வருமானத்திலிருந்து கழித்துவிட்டு, எஞ்சியதற்கு மட்டும் வரி விதிப்பது. 30 விழுக்காடு வரி செலுத்தும் செல்வர்க்கு இதனால் 3,000 ரூபாய் மிச்சம். 5 விழுக்காடு செலுத்தும் நடுத்தரக் குடும்பத்திற்கு 500 ரூபாய் மிச்சம். வரி வரம்புக்குக் கீழே உள்ள ஏழைக்கு ஒன்றும் இல்லை. பிள்ளையின் பசி எங்கும் ஒன்றே. கழிவின் பயன் மட்டும் மேலே செல்லச் செல்லப் பெருகுகிறது.

இரண்டாம் வழி, வரியில் தள்ளுபடி. முதலில் வரியைக் கணக்கிட்டு, அவ்வரித் தொகையிலிருந்து பிள்ளை ஒன்றுக்கு 2,000 ரூபாய் என்று குறைப்பது. செல்வர்க்கும் 2,000, நடுத்தரத்தார்க்கும் 2,000. ஆயினும் ஒருவர் செலுத்த வேண்டிய வரியே 800 ரூபாய் என்றால், அவர்க்கு 800 ரூபாய்தான் தள்ளுபடி ஆகும். மீதி 1,200 ரூபாய் கணக்கில் மறைந்துவிடும்.

மூன்றாம் வழி, மீட்டுத் தரும் தள்ளுபடி. மேற்சொன்னவர்க்கு 800 ரூபாய் வரியை நீக்கியபின், மீதி 1,200 ரூபாயை அரசே அவர் கையில் தருவது. வரியே இல்லாதவர்க்கு 2,000 ரூபாயும் கையில் கிடைக்கும். இம்முறையில் வரி அலுவலகம் பணம் வாங்கும் இடமாக மட்டும் இராமல், பணம் தரும் இடமாகவும் ஆகிறது.

இனி நம் நாட்டின் கதையைக் காண்போம். நம் நாட்டிலும் பிள்ளைகளை எண்ணி வரி விதித்த காலம் ஒன்று இருந்தது. 1955ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக், மணமானவர்க்கும் மணமாகாதவர்க்கும் வேறு வேறு வரம்பு வகுத்தார். மணமானவர் 2,000 ரூபாய் வரை வரியின்றி ஈட்டலாம். மணமாகாதவர்க்கு அவ்வரம்பு 1,000 ரூபாய். பின்னர், தமிழ்நாட்டைச் சேர்ந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சராக இருந்த காலத்தில் பிள்ளைகளும் கணக்கில் சேர்ந்தனர். 1958ஆம் ஆண்டளவில், மணமாகிப் பிள்ளை இல்லாதவர்க்கு வரம்பு 3,000 ரூபாய். ஒரு பிள்ளை உடையவர்க்கு 3,300. இரு பிள்ளைகள் உடையவர்க்கு 3,600. மூன்றாம் பிள்ளைக்குத் தனிச் சலுகை இல்லை. பிற்காலத்தில் இம்முறை முழுவதுமே கைவிடப்பட்டது.

நெடுங்காலத்திற்குப் பின், 2003ஆம் ஆண்டில், பிள்ளைகளின் கல்விக் கட்டணம் வரிச் சலுகைக்குள் வந்தது. அப்பொழுது அது தள்ளுபடி வடிவில் இருந்தது. ஒரு பிள்ளைக்கு 12,000 ரூபாய் வரை, இரண்டு பிள்ளைகளுக்குச் செலுத்திய கட்டணத்தைக் காட்டலாம். ஆண்டு வருமானம் ஒன்றரை இலட்சத்திற்கு உட்பட்டவர்க்குப் பொதுவாக அத்தொகையில் 20 விழுக்காடு, அதாவது ஒரு பிள்ளைக்கு 2,400 ரூபாய், வரியில் குறையும். அதற்கு மேல் ஐந்து இலட்சம் வரை 15 விழுக்காடு. ஐந்து இலட்சத்தைக் கடந்தவர்க்குச் சலுகை இல்லை. எளியவர்க்கு மிகுதி, வலியவர்க்குக் குறைவு என்ற நெறி அதில் விளங்கியது.

2005ஆம் ஆண்டு அம்முறை மாறிற்று. 80சி என்னும் பிரிவு வந்தது; தள்ளுபடி போய்க் கழிவு வந்தது. அதே 12,000 ரூபாய்க் கட்டணத்திற்கு, 30 விழுக்காட்டு அடுக்கில் இருப்பவர்க்கு 3,600 ரூபாய் மிச்சம். 10 விழுக்காட்டு அடுக்கில் இருப்பவர்க்கு 1,200 ரூபாய் மிச்சம். சாய்வு தலைகீழாயிற்று என்பதை நீங்களே காண்கிறீர்கள். கட்டணத்தையும், வருங்கால வைப்பு நிதியையும், ஆயுள் காப்பீட்டையும் சேர்த்து ஓர் இலட்சம் வரை கழிக்கலாம் என்று இருந்த உச்ச வரம்பு, 2014இல் ஒன்றரை இலட்சமாக உயர்ந்தது.

இக்கழிவுக்கு நிபந்தனைகள் உண்டு. இந்தியாவில் உள்ள பள்ளியிலோ கல்லூரியிலோ முழுநேரம் படிக்கும் பிள்ளையாக இருத்தல் வேண்டும். ஒருவர் இரண்டு பிள்ளைகளுக்கு மட்டுமே காட்டலாம். தாயும் தந்தையும் இருவரும் வரி செலுத்துவோராயின் ஒவ்வொருவரும் இரண்டு பிள்ளைகளுக்குக் காட்டலாம். கற்பிக்கும் கட்டணம் மட்டுமே கழியும். நன்கொடையும், வளர்ச்சி நிதியும், வண்டிக் கட்டணமும் கழியா. ஆகையால் பள்ளி தரும் பற்றுச்சீட்டில் கற்பிக்கும் கட்டணம் தனியே குறிக்கப்பட்டிருத்தல் வேண்டும். மொத்தமாக ஒரு தொகையை எழுதித் தரும் சீட்டைக் கண்டால் நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

இன்னொரு சலுகையும் இருந்தது. ஊதியத்தோடு வழங்கப்படும் பிள்ளைகள் கல்விப்படியில் ஒரு பிள்ளைக்குத் திங்கள் 100 ரூபாயும், விடுதிப்படியில் 300 ரூபாயும் வரியிலிருந்து விலக்குப் பெற்றன. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த விதி அது. கால் நூற்றாண்டுக்கு மேல் அத்தொகை அசையவே இல்லை. நூறு ரூபாய் இரண்டு குறிப்பேடும் ஒரு பேனாவும் வாங்கப் போதும். சட்டத்தில் சலுகை இருப்பது வேறு. அச்சலுகையில் பொருள் இருப்பது வேறு.

2020ஆம் ஆண்டில் புதிய வரித் திட்டம் ஒன்று பழைய திட்டத்திற்கு அருகே தோன்றியது. வரி விகிதம் குறைவு. ஆனால் கல்விக் கட்டணம் உள்ளிட்ட பெரும்பாலான கழிவுகள் இல்லை. 2023–24ஆம் நிதியாண்டு முதல், வேறு ஒன்றையும் சொல்லாதவர்க்கு இப்புதிய திட்டமே பொருந்தும் என்று ஆயிற்று. பழையது வேண்டுவோர் அதனைக் கேட்டுப் பெற வேண்டும். 2025–26ஆம் நிதியாண்டு முதல், புதிய திட்டத்தில் பொதுவாக ஆண்டுக்கு 12 இலட்சம் வரை வருமானம் உடையவர்க்கு வரி முழுவதும் தள்ளுபடியாகிறது. இது பெரிய சலுகையே. எனினும் இதில் பிள்ளைகள் எண்ணப்படுவதில்லை. தனி ஆளும், மூன்று பிள்ளைகளின் தாயும் இங்கே ஒன்றே. கணக்கு எளிதாக வேண்டும் என்பார்க்கு இது நன்று. செலுத்தும் திறனுக்கு ஏற்ற வரி வேண்டும் என்பார்க்கு இது குறை. இரு பக்கத்திலும் நியாயம் உண்டு. உங்கள் பள்ளி மன்றத்தில் இதனைப் பட்டிமன்றப் பொருளாகக் கொள்ளலாம்.

விதிகளைச் சொல்லிக்கொண்டே வந்தேன். விதியைச் சொல்வது எளிது. உரியவரிடம் உரிய காலத்தில் சொல்வதே அரிது. அதில் நான் தவறிய செய்தி ஒன்றை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

எங்கள் பள்ளியில் ஓர் ஆசிரியர் இருந்தார். அமைதியானவர், தம் வீட்டுச் செய்தியை வெளியில் சொல்லாதவர். அவருடைய மகளுக்குப் பிறவியிலேயே காது கேளாது. பயிற்சிக்கும் கருவிக்கும் அவர் ஊர் ஊராக அலைந்ததை நான் அறிவேன். விடுப்பு விண்ணப்பங்களில் கையொப்பம் இட்டவன் நான்தானே! ஆனால் ஆண்டுதோறும் அவர் தந்த வரித் தாளிலும் நானே கையொப்பம் இட்டேன். அத்தாளில் அம்மகளைப் பற்றிய குறிப்பு ஒன்றும் இல்லை என்பதை நான் கவனிக்கவில்லை.

சார்ந்து வாழும் மாற்றுத்திறனாளியைப் பேணிக் காப்பவர்க்குப் பழைய திட்டத்தில் தனிக் கழிவு உண்டு. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் 80டிடி என்பது அப்பிரிவின் எண். இயலாமை 40 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தால், மருத்துவத்திற்கும் பயிற்சிக்கும் செய்த செலவு எவ்வளவாயினும், ஒரு நிலையான தொகையைக் கழிக்கலாம். அத்தொகை அப்பொழுது 50,000 ரூபாய். கடும் இயலாமைக்கு ஓர் இலட்சம். 2015–16ஆம் நிதியாண்டு முதல் இவை 75,000 என்றும் 1,25,000 என்றும் உயர்த்தப்பட்டன. அரசு மருத்துவர் தந்த சான்றிதழ் போதும். அவரிடம் அச்சான்றிதழ் இருந்தது. பேருந்துச் சலுகைக்காக வாங்கி, பெட்டியில் வைத்திருந்தார்.

2015ஆம் ஆண்டு பிப்ரவரியில், வேறொரு பள்ளியிலிருந்து மாற்றலாகி வந்த இளைஞர் ஒருவர் அவர் தாளைப் பார்த்துவிட்டு, “சார், உங்கள் மகளுக்கு உரிய கழிவை ஏன் காட்டவில்லை?” என்று கேட்டார். அறையில் இருந்த நாங்கள் அனைவரும் திகைத்தோம். அவர் மட்டும் மெல்ல, “அப்படி ஒன்று உண்டா?” என்றார். ஆண்டுக்கு 5,150 ரூபாய் அளவில் அவர் மிகுதியாக வரி செலுத்தி வந்திருந்தார். அவ்வாண்டுத் தாளைத் திருத்தினோம். முந்திய இரண்டு ஆண்டுகளுக்குத் திருத்திய கணக்கு அனுப்பிப் பணத்தைத் திரும்பப் பெற்றார். அதற்கும் முன்பு சென்ற மூன்று ஆண்டுகளுக்குக் காலம் கடந்துவிட்டது.

அவர் என்னைக் குறை கூறவில்லை. கூறியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கூட்டல் கழித்தல் சரியா என்று பார்த்துக் கையொப்பம் இட்டவன், அந்தத் தாளுக்குப் பின்னால் இருக்கும் வீட்டைப் பார்க்கவில்லை. அடுத்த ஆண்டு முதல் தாள்களைத் தரும்பொழுதே ஒவ்வொருவரையும் அழைத்து, “வீட்டில் யார் யார் உங்களைச் சார்ந்து இருக்கிறார்கள்?” என்று கேட்டு, அதன்பின்னரே கையொப்பம் இட்டேன்.

பிற நாடுகளில் இச்சிக்கலை எவ்வாறு தீர்த்தார்கள்? பிரிட்டனில் 1909ஆம் ஆண்டு லாயிட் ஜார்ஜ் கொண்டுவந்த வரவு செலவுத் திட்டத்தில், நடுத்தர வருவாய் உடையோர்க்குப் பிள்ளை ஒன்றுக்கு 10 பவுன் கழிவு தரப்பட்டது. அது வரி செலுத்துவோர்க்கு மட்டுமே பயன்பட்டது. அன்று பெரும்பாலான தொழிலாளர் வரி வரம்புக்குக் கீழே இருந்தனர். அவர்கள் பிள்ளைகளுக்கு என்ன வழி என்று எலினார் ராத்போன் என்னும் பெண்மணி பல்லாண்டு போராடினார். அதன் பயனாக 1945இல் குடும்பப் படிச் சட்டம் வந்தது. 1946 முதல், இரண்டாம் பிள்ளை தொடங்கி ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரம் 5 ஷில்லிங் வழங்கப்பட்டது. அப்பணம் தாயின் கையில் சேர வேண்டும் என்று வாதாடி வென்றவரும் அவரே. பின்னர் 2003இல் பிள்ளை வரித் தள்ளுபடி என்ற பெயரிலேயே அந்நாடு ஒரு திட்டம் நடத்தியது. ஆண்டு முடிவில் வருமானம் மாறினால் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கும் தொல்லை அதில் இருந்தது. 2025 ஏப்ரல் 5ஆம் நாள் அத்திட்டம் முடிவுற்று, வேறு பொதுத் திட்டத்தில் அடங்கியது.

இரண்டு பிள்ளைகள் என்ற எல்லையை அந்நாடும் 2017இல் விதித்தது. நம் நாட்டுக் கல்விக் கழிவிலும் அவ்வெல்லை உண்டு என்பதை முன்னரே கண்டோம். மக்கள் பெருக்கத்தைக் கருதியும் செலவைக் கருதியும் இவ்வெல்லை இடப்படுகிறது. ஆனால், மூன்றாவதாகப் பிறந்த பிள்ளை அம்முடிவில் பங்கு கொள்ளவில்லையே! அவ்வெல்லையை நீக்குவதாக 2025 நவம்பரில் பிரிட்டன் அரசு அறிவித்தது.

அமெரிக்காவில் பிள்ளை வரித் தள்ளுபடி 1997ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. வரி மிகக் குறைந்த ஏழைகளுக்கு அதன் முழுப் பயனும் கிடைக்கவில்லை. 2021ஆம் ஆண்டு மட்டும், பெருந்தொற்றுக் காலத்தை முன்னிட்டு, அதனை முழுவதும் மீட்டுத் தரும் தள்ளுபடியாக ஆக்கினார்கள். ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு 3,600 டாலர். அதற்கு மேல் 17 வயது வரை 3,000 டாலர். அரசு வகுத்த ஓர் அளவையின்படி, 2020இல் 9.7 விழுக்காடாக இருந்த குழந்தை வறுமை 2021இல் 5.2 விழுக்காடாக இறங்கியது. திட்டம் நீட்டிக்கப்படவில்லை. 2022இல் அது 12.4 விழுக்காடாக ஏறியது. வேறு உதவிகளும் அதே காலத்தில் வந்து நின்றன என்பது உண்மையே. எனினும் ஒரு தள்ளுபடியின் வடிவம் மாறினால் எத்தனை தட்டுகளில் உணவு நிறையும், எத்தனை தட்டுகள் மீண்டும் ஒழியும் என்பதை இவ்வெண்கள் காட்டவில்லையா?

இந்த எண்களைப் படித்தபொழுது என் நினைவு கடல் கடந்து நிற்கவில்லை. எங்கள் மலைக்கே திரும்பியது. கச்சிராயபாளையத்தைக் கடந்து கோமுகி அணையின் பக்கமாக மேலே ஏறினால் வெள்ளிமலை வரும். அங்கும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் வாழ்பவர் பெரும்பாலும் மலையாளி என்னும் பழங்குடி மக்கள். மரவள்ளியும் சிறுதானியமும் விளைவிப்பார்கள், கடுக்காய் பொறுக்குவார்கள், வேலை இல்லாத காலத்தில் வெளியூர்களுக்குக் கூலி வேலை தேடிச் செல்வார்கள். வேளாண் வருமானத்திற்கு வருமான வரி இல்லை. கூலியோ வரம்பை எட்டுவதில்லை. எனவே கழிவும் தள்ளுபடியும் அவர்களுக்கு எட்டாக் கனி.

அவர்கள் வரியே அறியாதவர்கள் அல்லர். கல்வராயன் மலை 1976ஆம் ஆண்டு வரை ஜாகிர்தார்களின் ஆட்சியில் இருந்தது. மலை மக்கள் அவர்களுக்கு வரி செலுத்தியதோடு, அவர்கள் நிலத்தில் கூலியின்றி உழைக்கவும் வேண்டியிருந்தது. 1976இல் அரசு அம்மலையை ஏற்றுக்கொண்டபின் அந்நிலை நீங்கியது. இன்றும் அவர்கள் சவர்க்காரமும் செருப்பும் வாங்கும்பொழுது விலையோடு சரக்கு சேவை வரியும் செலுத்துகிறார்கள். ஆகவே, வரி கட்டாத குடும்பம் என்று இந்நாட்டில் ஒரு குடும்பமும் இல்லை. நேரே கட்டுவோர் சிலர். விலையோடு சேர்த்துக் கட்டுவோர் எல்லாரும்.

நேரே வரி கட்டாதவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு நம் மாநிலம் வேறு வழியில் உதவி வருகிறது. 1956இல் காமராசர் தொடங்கி, 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய மதிய உணவும், 2022இல் தொடங்கிய காலை உணவும் பிள்ளையின் தட்டுக்கே நேராக வருகின்றன. 1992இல் தொடங்கிய பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டம் பெண் மகவின் பெயரில் பணம் இட்டு வைக்கிறது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவியர்க்கு 2022 முதலும், மாணவர்க்கு 2024 முதலும் திங்கள் 1,000 ரூபாய் வழங்கும் திட்டங்கள் உள்ளன. பெற்றோர் ஆண்டு வருமானம் இரண்டரை இலட்சத்திற்கு உட்பட்ட பழங்குடி மாணவர்க்குப் பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்பிற்கு உதவித் தொகை உண்டு. இவற்றையெல்லாம் வரிக் கணக்கின் மறுபக்கம் என்றே நான் கருதுகிறேன். ஒரு வீட்டில் வாங்காமல் விடுவது சலுகையானால், மற்றொரு வீட்டில் கொடுப்பதும் சலுகையே.

ஆனால், இவற்றுள் உணவு ஒன்றுதான் கேளாமல் வருவது. மற்றவற்றிற்கு விண்ணப்பமும், சாதிச் சான்றும், வருமானச் சான்றும், வங்கிக் கணக்கும் வேண்டும்.

என் மாணவி ஒருத்தி மலையிலிருந்து இறங்கி விடுதியில் தங்கிப் படித்தவள். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றுக் கல்லூரியில் சேர்ந்தாள். உதவித் தொகைக்குச் சான்றிதழ் வாங்கி வருமாறு அவள் தந்தையிடம் சொன்னேன். “நாங்கள் வரி கட்டுகிறவர்கள் இல்லையே ஐயா, எங்களுக்கு என்ன சலுகை இருக்கப் போகிறது?” என்றார் அவர். இருப்பினும் என் சொல்லை மதித்து ஓர் அலுவலகத்திற்கு மூன்று முறை இறங்கி வந்தார். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போயிற்று. பேருந்துச் செலவும் ஆயிற்று. முதல் முறை ஒரு நகல் இல்லை. இரண்டாம் முறை அலுவலர் இல்லை. மூன்றாம் முறை சான்றிதழ் கிடைத்தது. அதற்குள் விண்ணப்பிக்கும் நாள் கடந்துவிட்டது. அவ்வாண்டு விடுதிச் செலவுக்காக அவர் இரண்டு ஆடுகளை விற்றார். அடுத்த ஆண்டு உதவித் தொகை வந்தது. பெண் படித்து முடித்தாள். ஆனால் அந்த இரண்டு ஆடுகள் திரும்பி வரவில்லை.

இவ்விரண்டு வீடுகளையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். ஒருவர் வரி கட்டும் ஆசிரியர். மற்றவர் வரி வரம்பைக் கனவிலும் எட்டாத மலைவாணர். இருவர்க்கும் சட்டம் உரிமை தந்திருந்தது. ஒருவர் அறியாமையால் இழந்தார். மற்றவர் ஒரு தாள் காலத்தில் கிடைக்காமையால் இழந்தார். சலுகையை வகுப்பது அரசின் கடமை. அதனை எளிதாக்குவதும் அரசின் கடமையே. ஆயினும் அஃது உண்டு என்று எடுத்துச் சொல்வது கற்றவர் ஒவ்வொருவர் கடமையும் ஆகும்.

மாணவர்களே, உங்களால் இன்றே செய்யக் கூடியவை சில உண்டு. உங்கள் வீட்டில் வருமான வரி செலுத்துவோர் இருந்தால், பழைய திட்டம், புதிய திட்டம் ஆகிய இரண்டிலும் வரியைக் கணக்கிட்டுப் பாருங்கள். பிள்ளைகளின் கட்டணமும், பேணப்படும் மாற்றுத்திறனாளியும் உள்ள வீட்டில் எது நன்மை என்பது கணக்கிட்டால்தான் தெரியும். கட்டணச் சீட்டுகளை ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். வரிச் சட்டத்தின் பிரிவு எண்களை மனப்பாடம் செய்ய வேண்டா, 1961ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக, 2026 ஏப்ரல் முதல் நாளைத் தொடக்கமாகக் கொண்டு புதிய சட்டம் 2025இல் இயற்றப்பட்டது, எண்கள் மாறிவிடும். அவ்வாண்டு விதி என்ன என்று கேட்கும் பழக்கமே வேண்டும். வீட்டில் வரி செலுத்துவோர் இல்லை என்றால், சாதிச் சான்றும் வருமானச் சான்றும் உங்கள் பெயரில் இருக்கின்றனவா என்று இவ்வாரமே பாருங்கள். தேவைப்படும் நாளில் தேடுவதற்கு உரியவை அல்ல அவை.

இன்னும் ஒன்று. உங்கள் வகுப்பில் உங்கள் அருகே அமர்ந்திருப்பவர் வீட்டில் படித்தவர் ஒருவரும் இல்லாதிருக்கலாம். அவர்க்கு ஒரு விண்ணப்பம் எழுதித் தாருங்கள். அதற்குக் கால் மணி நேரமே ஆகும். எங்கள் மலையில் ஒரு வீட்டுக்கு அந்தக் கால் மணி நேரத்தின் விலை இரண்டு ஆடுகள்.